வெளியிலிருந்து திறக்கும் கதவு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அத்தையும் சுகம். அத்தையின் முழங்கால் மட்டும் மழை வருமா வராதா என்று இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அடுப்பில் சுட்டுக்கொண்ட கை ஆறிவிட்டதா? போனில் கேட்டால் "ம்" என்பாய். நாம் இரண்டு பேரும் போனில் "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டிப் போனதே இல்லை. காகிதத்தில்தான் நமக்கு வாய் திறக்கிறது.

உன்னிடம் யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். என் வேலை உனக்குத் தெரியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கிற பொத்தானை அழுத்தினால், அழைப்பு எங்கள் கம்பெனியில் என் மேசைக்குத்தான் வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை நான் அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். "மூச்சு விட முடிகிறதா" என்று நான் கேட்கவே மாட்டேன். கேட்டால், முடிகிறவர்களுக்கும் முடியாமல் போய்விடும். என்ன நிறச் சட்டை, எந்த மாடிக்குப் போகிறீர்கள், அங்கே யாரைப் பார்க்க என்று கேட்பேன். போன வாரம் ஒரு பாட்டு வாத்தியார் நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபின், என்னோடு பேசி முடிக்காமல் போக மனசில்லை என்றாராம்.

நேற்று மேனேஜரம்மா கூப்பிட்டார். "போன்லயே பாதி வேலைய முடிச்சிடற. மீதியையும் கத்துக்கயேன்" என்றார். மெக்கானிக் பயிற்சி, அதுவும் எனக்கு. இதுவரை எங்கள் கம்பெனியில் ஒரு பெண்கூட அந்த வேலைக்குப் போனதில்லை.

இதில் பெரிய வேடிக்கை, நான் லிஃப்டில் ஏறியதே இல்லை. ஆபீஸ் ஆறாவது மாடி. நாலு வருஷமாகப் படியேறித்தான் போகிறேன். எனக்குப் 'படிக்கட்டு' என்றே பெயர். ஏன் ஏறுவதில்லை என்று மேனேஜரம்மாவிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போகலாமா, சொல். அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கச்சி

பிப்ரவரி 19

வாலு,

கடிதம் கிடைத்தது. கை ஆறிவிட்டது. அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

எங்கள் பேக்கரியில் புது அடுப்பு வந்திருக்கிறது. ஒரே நேரத்தில் முந்நூறு ரொட்டி. அதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அண்ணிக்கு மட்டும் இப்போதெல்லாம் ரொட்டி வாசனை ஒத்துக்கொள்வதில்லை. சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வா என்கிறாள். மற்றபடி சுகம்.

அந்தப் பயிற்சி உனக்கு வேண்டாம். லிஃப்ட் குழிக்குள் இறங்குவதும் கூண்டின் மேல் நிற்பதும் உனக்கு எதற்கு? உட்கார்ந்து பேசுகிற வேலை நல்ல வேலை. அதை விடாதே. இதற்கு மேல் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ வேண்டாம் என்றதால் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டேன். கோபித்துக்கொள். ஆனால் சாப்பாட்டைக் குறைக்காதே.

என்னோடு பயிற்சியில் இருப்பவன் பெயர் ஒல்லி. ஆள் பீரோ மாதிரி இருப்பான். முதல் நாளே அவனிடம், எனக்கு மூடின இடம் ஆகாது என்று சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை. "எனக்கு உயரம் ஆகாது. யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான். நல்ல ஜோடி.

முதல் வாரம் கதவு திறந்தே இருக்கும் லிஃப்டில் நின்றேன். இரண்டாம் வாரம் ஒரு மாடி. கதவு மூடியதும் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தேன். கதவு திறந்ததும் இறங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் ஏறினேன். நேற்று ஆறாம் மாடிவரை போனேன் அண்ணா. ஆபீஸே எழுந்து நின்று பார்த்தது.

இன்று கதவுப் பூட்டின் படம் வரைந்துகொண்டிருந்தபோது நம் பழைய வீட்டுச் சாமான் அறை நினைவு வந்தது. தண்ணீர் கொட்டினாலும், சத்தமாகச் சிரித்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும் அப்பா என்னை அதற்குள் போட்டு அடைப்பாரே, அந்த அறை. ஆறு வயதிலிருந்து பதினொரு வயதுவரை. அவர் போய் நாலு வருஷமாகியும் நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கதவின் தாழ்ப்பாள் மேலே இருந்ததா, கீழே இருந்ததா?

நீங்கள் இருவரும் சுகம்தானே என்று ஒரு வரி எழுது.

உன் தங்கச்சி

ஏப்ரல் 22

வாலு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். புது அடுப்பில் ஒரு பக்கம் சூடு கூடுதலாக வருகிறது. தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. இங்கே நல்ல வெயில். எதிர் வீட்டில் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள்.

நாங்கள் இருவரும் சுகம். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். அத்தையும் அப்படியே. பரீட்சை இந்த மாதம் என்று சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. ஆகஸ்டில் இருக்கலாம். அதற்குள் நிறையப் படிக்கலாம், நல்லதுதான்.

அண்ணிக்கு இப்போது ரொட்டி வாசனை பரவாயில்லையா?

உன் தங்கச்சி

ஜூன் 11

என் அன்பு நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள். திரைச்சீலை தைக்கிற கைக்குப் பேனா பிடிக்க வரவில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நீயும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. எனக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. உனக்கு இதுவரை தெரியாது என்பது எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. "தங்கச்சி என்ன சொன்னா?" என்று உன் அண்ணனிடம் தினமும் கேட்பேன். "சந்தோஷப்பட்டா" என்பார். பார்த்தால், எழுதவே இல்லை.

இரண்டாவது செய்தி சொல்லத்தான் தைரியம் வேண்டியிருக்கிறது. மார்ச் மாதம் உன் கடிதம் ஒன்று வந்தது. அன்றைக்கு ஸ்குரூடிரைவரை எடுத்தார். வீட்டுக்குள் இருக்கிற எல்லாக் கதவிலும் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். குளியலறையையும் விடவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும். முதலில் நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தை உதைக்கிறது, கை வைத்துப் பாருங்கள் என்றால் எழுந்து போய்விடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை விடாமல் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே எழுதுகிறேன். "தாழ்ப்பாள் போட்டது நான்தான். அப்பா சொன்னார், நான் போட்டேன். என் கையில குழந்தையைக் குடுக்காதே." தூரத்து ஊரில் இருக்கிற இன்னொரு பேக்கரிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். குழந்தை பிறந்தபின் கொஞ்ச நாள் தள்ளியே இருக்கிறேன் என்கிறார்.

அடிக்காத, திட்டாத, என் துணியைக்கூட மடித்து வைக்கிற மனுஷன். எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எனக்கு முழுசாகத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஏதாவது எழுது. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று சொல்ல நினைத்தேன். தெரிந்தால் தெரியட்டும்.

உன் அண்ணி

ஜூன் 18

என் அண்ணாவுக்கு,

அண்ணி எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. அவள் எழுதாமல் இருந்திருந்தால்தான் கோபித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சை தள்ளிப் போகவில்லை. நான் தோற்றுப்போனேன். லிஃப்ட் ஓடும் குழியின் அடியில் இறங்கி, மேலே கதவை மூடியபின் பத்து நிமிஷம் வேலை பார்க்க வேண்டும். கதவு மூடியதும் நான் மெக்கானிக்காக இல்லை. ஆறு வயதாகிவிட்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன். ஒல்லிதான் தூக்கிவிட்டான். இன்னொரு தடவை வரலாம் என்று பரீட்சை வைத்தவர் எழுதிக் கொடுத்தார். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று சொன்னவன் நீ.

இப்போது உன் விஷயம். தாழ்ப்பாள் மேலே இருந்தது. எனக்குத் தெரியும். உன்னை அதைப் பற்றிப் பேச வைக்கத்தான் தெரியாததுபோலக் கேட்டேன். அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, என் தப்பு. போட்டது யார் என்பதும் எனக்குத் தெரியும், அண்ணா. முதல் நாளிலிருந்தே தெரியும். அப்பா போட்டால் ஒரே அடியில் விழும். நீ போடும்போது ஸ்டூல் இழுபடும், உன் மூச்சு கேட்கும், பிறகுதான் தாழ்ப்பாள் மெதுவாக நகரும். ஆறு வயதில் நான் எதைக் கேட்க ஆசைப்பட்டேன் தெரியுமா? அந்த ஸ்டூலைத்தான். ஸ்டூல் இழுபட்டால் நீ வெளியே இருக்கிறாய் என்று அர்த்தம்.

நீ அங்கேயே உட்கார்ந்து கதவுக்கு அடியில் வாய்ப்பாடு சொல்வாய். எப்போதும் பதினேழாம் வாய்ப்பாட்டில் தப்பு விடுவாய். பதினேழு ஆறு நூற்றிநாலு என்பாய். "நூத்திரெண்டு" என்று நான் உள்ளேயிருந்து திருத்துவேன். நீ வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாய் என்று எட்டு வயதில்தான் புரிந்தது. புரிந்த பின்பும் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். திருத்துகிற நேரம் பயம் இருக்காது.

மாட்டிக்கொண்டவர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று ஆபீஸில் எல்லோரும் கேட்கிறார்கள். போன வருஷம் மட்டும் என் மேசையிலிருந்து நான் பேசியது நூறு பேருக்கு மேல் இருக்கும். அத்தனை பேரோடும் பேசியது நீதான்.

குழந்தையை விட்டுத் தள்ளிப் போகாதே. நீ தள்ளிப் போனால் அப்பா செய்ததைவிடப் பெரிய தப்பு என்று மிரட்டத் தெரியாது எனக்கு. போகாதே என்று மட்டும் சொல்கிறேன்.

பதில் எழுதத் தோன்றும்போது எழுது. காத்திருக்கிறேன்.

உன் தங்கச்சி

ஜூலை 30

வாலு,

ஆறு வாரமாயிற்று. ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்புவேன் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து காவல் காக்கிறாள்.

நீ அறியாத ஒன்று இருக்கிறது. அப்பா ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பார். "நீ போடறியா, நான் போடட்டா?" அவர் போட்டால் மேலே பூட்டும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். சாயங்காலம்வரை திறக்க வழியில்லை. நான் போட்டால், அவர் படுத்ததும் திறந்துவிடலாம். அதனால் நானே போட்டேன். பதினொரு வயதில் அது சரியான முடிவாகத்தான் தெரிந்தது. வளர்ந்தபிறகு அந்த முடிவு மறந்துபோய்க் கை மட்டும் நினைவிருந்தது. ஒரு குழந்தையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தப் பழகின கை.

பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடினேன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். உன்னை விட்டுவிட்டு ஓடினவன் என்று நீயும் நினைத்திருப்பாய். அன்று நேராக அத்தை வேலை பார்த்த ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்து உன்னை அழைத்துப் போனாள். நான் சொன்னதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். பெருமைப்பட ஒன்றுமில்லை, வாலு. ஐந்து வருஷம் கழித்துப் போனவன் நான். முதல் நாளே போயிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள் என்று பயம்.

உன் கடிதத்தை அண்ணியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஸ்டூல் வந்த இடத்தில் கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டேன். மிச்சத்தை அவள் படித்தாள்.

மறு வாரம் அவள் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். நான் பேசமாட்டேன் என்று சொல்லித்தான் போனேன். இதுவரை ஐந்து தடவை போய்விட்டேன். பேசி முடிக்க இன்னும் நிறைய இருக்கிறதாம். மாற்றல் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். குளியலறைத் தாழ்ப்பாளையும் மாட்டிவிட்டேன். அண்ணி முதல் நாள் வெறுமனே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று குழந்தை உதைத்தது. கை வைத்துப் பார்த்தேன். நல்ல உதை.

நீ பரீட்சைக்குப் போ. வேண்டாம் என்று பிப்ரவரியில் எழுதினேனே, அது உனக்காக எழுதியதில்லை. உன்னை மறுபடி மூடின இடத்தில் நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

அத்தையிடம் சத்தியத்தை நானே உடைத்துவிட்டேன் என்று சொல்.

அண்ணன்

ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் மூன்று பேரின் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன். இங்கே சுகத்துக்கு மேல்.

உன் கடிதத்தை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். "பதினேழு வருஷம் வாயைக் கட்டிப் போட்டுட்டான்" என்றாள். அன்று பூராவும் நீ ஆபீஸ் வாசலில் எப்படி நின்றாய், என்ன செருப்பு போட்டிருந்தாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டேன், எல்லாவற்றையும் கேட்டேன். உன்னை நான் ஒரு நாளும் ஓடினவனாக நினைத்ததில்லை. தப்பித்தவனாக நினைத்திருந்தேன், கொஞ்சம் பொறாமையோடு. இப்போது அதுவும் போய்விட்டது.

பரீட்சையில் தேறிவிட்டேன். குழிக்குள் இறங்கினேன். மேலே நின்று பேச்சுக் கொடுக்கட்டுமா என்று ஒல்லி கேட்டான். வேண்டாம் என்றேன். கதவு மூடியது. எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். என்ன நிறச் சட்டை? நீலம். கையில் என்ன? பதின்மூன்றாம் எண் ஸ்பேனர். அதை வைத்து என்ன செய்யப் போகிறாய்? செய்தேன். பத்து நிமிஷம் முடிந்ததும் கதவைத் திறந்தார்கள். இன்னும் ஒரு திருகு பாக்கியிருக்கிறது, இருங்கள் என்று சொன்னேன். பரீட்சை வைத்தவரே சிரித்துவிட்டார்.

இனி முக்கியமான விஷயம். போன வியாழக்கிழமை மதியம் எனக்கு முதல் மீட்பு வேலை. ஒரு வணிக வளாகத்தில் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு ஆள். ஒல்லி மொட்டைமாடியில் இருக்கும் இயந்திர அறைக்குப் போனான். அவன் பயப்படுகிற உயரம்தான், ஆனாலும் போனான். நான் நாலாம் மாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.

உள்ளேயிருந்து அந்த ஆள் கதவைக் குத்திக்கொண்டிருந்தார். கெட்ட வார்த்தை. என் குரலைக் கேட்டதும், "பொம்பளையையா அனுப்பியிருக்காங்க?" என்று இன்னும் ஓங்கிக் குத்தினார். அண்ணா, அந்தக் குத்து, அந்தத் தொண்டை, எல்லாம் அப்பாதான். இரண்டு அடி பின்னால் போய்விட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சத்தத்துக்கு வெளிப்பக்கம் நான் நிற்கிறேன். கதவைத் திறக்கிற சாவி என் கையில் இருக்கிறது.

கிட்டே போனேன். "ஐயா, நான் இங்கதான் நிக்கறேன். உங்களை வெளிய கொண்டு வராம போகமாட்டேன்" என்றேன்.

குத்து நின்றது. பிறகு சின்னக் குரலில், "எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றார்.

பத்து நிமிஷம் என்றேன். என்ன தொழில் என்று கேட்டேன். மரக்கடை. என்னென்ன மரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தேக்கு, வேங்கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே ஒல்லி மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிக் கூண்டை அங்குலம் அங்குலமாக இறக்கினான். தரைக்குச் சமமாக வந்ததும் நான் சாவியைப் போட்டுத் திறந்தேன்.

அப்பாவின் உயரம், அப்பாவின் தோள். சட்டை முழுக்க வியர்வை. வெளியே வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கு அறுபத்திரண்டு வயசும்மா" என்று மட்டும் சொன்னார். அவராகக் கையை விடும்வரை இருந்தேன்.

கோபம் வரும் என்று நினைத்தேன். இல்லை, ஒருவித திருப்தியாவது வரும் என்று நினைத்தேன். வந்தது ஆச்சரியம். சாவியைப் போட்டுக் கால் சுற்று சுற்றினால் கதவு திறந்துவிடுகிறது. இவ்வளவுதான் வேலை. இந்தச் சின்ன வேலையைச் செய்ய முடியாத ஒரு மனுஷனிடம் நாம் வளர்ந்திருக்கிறோம். என்னால் முடிந்தது. உன்னால் பதினொரு வயதிலேயே முடிந்தது.

பழுது பார்த்து முடித்தபின், ஒல்லியும் நானும் அதே லிஃப்டில் கீழே இறங்கினோம். கதவு மூடியதை நான் கவனிக்கவில்லை. கீழே வந்தபிறகுதான் கவனிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

உங்கள் தங்கச்சி, லிஃப்ட் மெக்கானிக்

செப்டம்பர் 28

வாலு,

மகள். இருபது நாளாகிறது. போனில் சொன்னபோது நாம் இருவரும் பேசாமல் அழுதுகொண்டிருந்ததால் விவரம் எதுவும் சொல்ல முடியவில்லை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். அண்ணி நன்றாக இருக்கிறாள். குழந்தைக்கு மூக்கு நம் வீட்டு மூக்கு, பாவம்.

முதலில் என் கையில் கொடுத்தது நர்ஸ். கேட்காமல் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். தினமும் மாவு பிசைகிற கையாயிற்றே, அளவாகப் பிடிக்கத் தெரிந்திருக்கிறது.

ஆனால் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் விடாமல் அழுதாள். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று. அண்ணி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தோளில் போட்டு நடந்துகொண்டே இருந்தேன். திடீரென்று "ஏய்" என்று ஒரு சத்தம் வந்தது. என் தொண்டையிலிருந்துதான் வந்தது. குரல் அப்பாவுடையது. குழந்தை திடுக்கிட்டு ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டது.

அந்த ஒரு நொடிக்குத்தான் நான் இத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்தேன்.

படுக்கையில் மெதுவாகக் கிடத்தினேன். அண்ணியை எழுப்பினேன். "கொஞ்ச நேரம் நீ பாத்துக்க" என்றேன். வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். பிறகு திரும்பி உள்ளே வந்தேன். நடந்ததை அண்ணியிடம் சொன்னேன். குழந்தையை மறுபடி வாங்கிக்கொண்டேன். "அப்பா கத்திட்டேன். தப்பு. மன்னிச்சுடும்மா" என்றேன். இருபது நாள்கூட ஆகாத குழந்தையிடம். நம் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, வாலு. நான்தான் முதல் ஆள்.

ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். எல்லா அப்பாவுக்கும் கோபம் வரும், நீங்கள் திரும்பி உள்ளே வந்தீர்களே, அதைப் பாருங்கள் என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

இப்போது என் மடியில் படுத்திருக்கிறாள். ஒரு கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீயும் அத்தையும் எப்போது வருகிறீர்கள்?

அண்ணன்

அக்டோபர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத்து கோணல்தான். சட்டம் போட்டு மாட்டலாம் என்று அத்தை சொல்கிறாள். உங்கள் மூவரின் சுகமும் இனிமேல் நேரில் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

பத்து நாள் லீவு கேட்டேன். மேனேஜரம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "உன் ஏரியாவை யார் பாத்துக்குவா?" என்றார். என் ஏரியா என்று அவர் சொன்னதைக் கேட்க வேண்டும் என்பதற்காக, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். ஒல்லி பார்த்துக்கொள்வான். அடுத்த மாதம் இன்னும் இரண்டு பெண்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நான்தான் குழியைக் காட்ட வேண்டுமாம்.

அத்தை பத்து நாளுக்கு இருபது புடவை எடுத்து வைத்திருக்கிறாள். தன்னை இனிமேல் 'பெரிய அத்தை' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். நான் சின்ன அத்தை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரப் போகிறவரை நினைத்தால் இப்போதே பரிதாபமாக இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் உன் கதையும் என் கதையும் அவருக்கு மனப்பாடமாகிவிடும்.

நீ "ஏய்" என்று கத்தினதையும், திரும்பி உள்ளே வந்ததையும் நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை அத்தைக்கும் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய் உன் மகளுக்குப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் இரண்டாவது கையை முடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு வந்து சேருவோம். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே, வழி கேட்டு வந்துவிடுவோம். நாங்கள் உள்ளே வந்ததும் குழந்தையை என் கையில் கொடு. கொடுத்துவிட்டு நீயும் அண்ணியும் போய் நிம்மதியாகத் தூங்குங்கள். அழுதால் நான் பேச்சுக் கொடுத்துக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி